முகம் வரட்டும்

இயந்திரத்துக்கு ஆன்மா உண்டா என்று கேட்காத அனிமே தொடரை நான் பார்த்ததில்லை. மண்டையைக் கழற்றினால் உள்ளே கம்பிதான் இருக்கும். ஆனாலும் அந்தப் பெண் மழையில் நின்றுகொண்டு நான் யார் என்று கேட்பாள், நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். இரும்புக்கு ஆன்மா உண்டு, பொம்மைக்கு உண்டு, கம்பி முறிந்த குடைக்குக்கூட உண்டு. என் நிறத்தில் எவனாவது வந்தால் மட்டும் அவனுக்குக் கிடையாது. தடித்த உதட்டைப் பிளந்து சிரிப்பான், யாரையாவது தூக்கிப் போட்டு மிதிப்பான், அடுத்த வாரம் செத்துப்போவான். அவன் மழையில் நின்று நான் யார் என்று கேட்டதே இல்லை.

என் பெயர் கார்மேகம். பேருக்கேத்த நிறம் என்று தமிழய்யாவே சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்த பெயர். சிறுசேரியில் ஓர் அனிமே கூடத்தில் நிற வடிவமைப்பாளனாக இருக்கிறேன். டோக்கியோவில் கோடு போடுவார்கள், நாங்கள் நிறம் போடுவோம். அங்கிருந்து வரும் நிற அட்டவணையில் ‘தோல்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் இருப்பது ஒரே நிறம், உரித்த பாதாம் பருப்பின் நிறம். என்னுடையது அந்தக் கட்டத்தில் இருக்காது. ‘முரடன்’, ‘பாலைவனத்தான்’ என்று பாத்திரங்களின் பெயருக்குக் கீழே தேட வேண்டும்.

உள்பதிவு வந்த பிறகு எங்கள் வேலையே மாறிப்போனது. ஒரு மனிதரின் தலையில் வலைபோன்ற ஒரு தொப்பியை மாட்டி, சில வாரங்கள் பேசவிட்டு, அழவிட்டு, தூங்கவிட்டு எடுப்பார்கள். அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அவருடைய நினைவும் சுபாவமும் பழக்கங்களும் எங்கள் கணினியில் இருக்கும். அதை நாங்கள் வரைந்த உடலுக்குள் இறக்கினால் பாத்திரம் தானே நடக்கும், தானே கோபப்படும். கதாசிரியர் சூழ்நிலையைக் கொடுத்தால் போதும். கூடு விட்டுக் கூடு பாய்வது சித்தர்கள் காரியம் என்று நினைத்திருந்தோம். சிறுசேரியில் அது ஷிப்டு வேலை ஆகிவிட்டது.

இதில் ஒரு சடங்கு உண்டு. கண்ணாடிக் காட்சி என்போம். பதிவு உடலுக்குள் முதன்முதலாகக் கண் விழிக்கும்போது எதிரே ஒரு கண்ணாடி இருக்கும். அது எழுந்து பார்க்கும், தன்னைத் தொடும். ‘நான்’ என்று சொல்லிவிட்டால் குடியேறிவிட்டது என்று அர்த்தம். சொல்லாவிட்டால் நாலைந்து அத்தியாயத்துக்குள் வாடி, ஊமையாகிவிடும். மூன்று முறை பார்ப்போம். ஒவ்வொரு முறையும் ஒட்டாத பிரதியை அணைத்துவிட்டுப் புதுப் பிரதியை இறக்குவோம், மூன்றிலும் ஒட்டாவிட்டால் வேறு உடல் கொடுப்போம். அணைப்பது என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் விளக்கைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்வோம்.

அந்த வருடம் ‘பத்தாம் கூடு’ என்ற தொடர் வந்தது. இயந்திரப் பெண்ணொருத்தி பத்தாவது முறையாகப் புது உடலில் விழிக்கிறாள். பழைய ஒன்பது உடல்களிலும் இருந்தது தான்தானா என்று தேடிப் போகிறாள். இயக்குநர் செத்சுகோ கட்டயாமா சென்னைக்கே வந்து தங்கிவிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர். மோர் மிளகாயைத் தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வழிய இன்னொன்று கேட்பார். அவர் ஜப்பானியத்தில் பேசுவார், எங்கள் காதில் இருக்கும் கருவி அதை மேடைத் தமிழாக மாற்றித் தரும். திட்டினால்கூட வாழ்த்துப் பா மாதிரி இருக்கும்.

நான் அவரிடம் நேராகவே கேட்டேன். “இந்தப் பொண்ணு கறுப்பா இருந்தா என்ன? ஒன்பது உடம்பு பார்த்தவ. பத்தாவதுலயாவது கறுப்பா இருக்கட்டுமே.”

“நானும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன், கார்மேகம் அவர்களே,” என்றது காதுக் கருவி.

டோக்கியோ தயாரிப்புக் குழுவோடு சண்டை பிடிக்க நான் தயாராக இருந்தேன். வாதங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பதிவு ஏற்றுக்கொண்டால் எங்களுக்கும் சம்மதம். ஏற்காவிட்டால், கைவசம் வெள்ளிமுடி உடல் ஒன்று இருக்கிறது, அதில் இறக்குவோம்,” என்றார்கள். அவ்வளவுதான். மலையைப் புரட்டப் போனவனுக்குத் திறந்த கதவு கிடைத்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

யாருடைய பதிவை எடுப்பது என்று பேச்சு வந்தபோது, உள்பதிவுப் பிரிவின் தலைவி ஃபௌசியா தயங்காமல் சொன்னாள்.

“டப்பிங் ஆர்ட்டிஸ்ட் எடு, மேகம். நடிகருங்க பதிவு வேணாம். அதுங்க கண்ணாடியில அதுங்க மூஞ்சியத்தான் தேடும், இல்லன்னா ஒரே ரகளை. டப்பிங் ஆளுங்க எந்த மூஞ்சியக் குடுத்தாலும் ஒட்டிக்குவாங்க. இதுவரைக்கும் ஒண்ணுகூட ஃபெயில் ஆனதில்ல.”

பதிவு கொடுப்பவளின் முகத்தையே பாத்திரத்துக்கும் வைத்துவிடலாம். எந்த முகத்திலும் ஒட்டிக்கொள்பவள் தன் சொந்த முகத்திலா ஒட்டமாட்டாள்? அப்படித்தான் நாங்கள் கணக்குப் போட்டோம். நான், ஃபௌசியா, கட்டயாமா, மூன்று பேரும் படித்தவர்கள்தான்.

சுடலைவடிவு தூத்துக்குடிக்காரர். நடிக்கவேண்டும் என்று பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்தவர். குரல் தேன், முகம் கேமராவுக்கு ஆகாது என்று சொல்லி டப்பிங் தியேட்டருக்குள் தள்ளிவிட்டார்கள். அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் ஓடிப்போனது. அதன் பிறகு இயந்திரக் குரல்கள் வந்து அந்தத் தொழிலும் போனது. எங்கள் அழைப்பு வந்தபோது அவர் வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், “முதல் பந்திக்கு வருக” என்று மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தாராம்.

“ஹீரோயினெல்லாம் மும்பையில இருந்து வரும், தம்பி. பால் மாதிரி இருக்கும், வாய மட்டும் அசைக்கும்,” என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். “அவ அங்க வெளிச்சத்துல நின்னு அழுவா. நான் இங்க இருட்டுல நின்னு அழுவேன். அவ கண்ணீருக்கு கிளிசரின் போடுவாங்க. எனக்கு அது தேவப்பட்டதே இல்ல.”

பதிவோடு முகத்தையும் எடுக்கப்போகிறோம் என்றதும் சிரிப்பு நின்றது.

“என் முகத்தையா? நெசமாவா?”

“உங்க முகந்தான்க்கா கதாநாயகி முகம்.”

அவர் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் பவுடரைச் சரிசெய்துகொண்டார். நான் பவுடரைக் கழுவிவிட்டு வரச்சொன்னேன். “பவுடர் போடாம நான் தெருமுனைக் கடைக்குக்கூட போனதில்ல தம்பி,” என்றார். பிறகு போய்க் கழுவிக்கொண்டு, துண்டால் முகத்தைப் பாதி மறைத்தபடி வந்தார்.

அடுத்த சில வாரங்கள் என் வாழ்க்கையின் நல்ல வாரங்கள். மொட்டைமாடியில் வெயிலில் அவரை உட்காரவைத்து நிறம் எடுத்தேன். கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை. கன்னத்தில் ஒன்று, கைமுட்டியில் ஒன்று, காதின் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் இன்னொன்று. தோலின் நிழலுக்குச் சாம்பல் போடு என்பார்கள். சாம்பல் போட்டால் நோயாளி மாதிரி ஆகிவிடுகிறது. நாவற்பழத்தின் நிறத்தைத் துளி கலந்தேன், படம் மூச்சுவிட்டது. அட்டவணையின் ‘தோல்’ கட்டத்துக்குள் அந்த நிறங்களை என் கையாலேயே ஏற்றினேன். சின்ன வயதில் கலர் பென்சில் பெட்டியில் தோல் நிறம் என்று ஒன்று இருக்கும். அதை வைத்து என்னை நானே வரைந்து, யாரடா இது என்று கேட்கப்பட்டவன் நான். எனக்கு அந்த ஒரு கட்டம் பெரிய விஷயம்.

முடித்த படத்தை வடிவக்காவிடம் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். “ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க தம்பி,” என்றார். கொஞ்சம் கழித்து, “லேசா ஒரு வெளுப்புத் தட்டலாமோ?” என்று கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சேர்ந்து சிரித்தார்.

முதல் கண்ணாடிக் காட்சி அன்று கூடமே திரண்டு வந்திருந்தது. டோக்கியோக்காரர்களும் திரையில் காத்திருந்தார்கள். வடிவக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்போல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கதையின் முதல் காட்சி ஒரு பழுது பார்க்கும் கடை. பலகைமேல் இயந்திரப் பெண் படுத்திருக்கிறாள். நான் போட்ட நிறத்தில், வடிவக்காவின் முகத்தில், இருபது வயதில். கண் திறந்தாள். எழுந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, வேறு யாருக்கோ இடம் விடுவதுபோல், கண்ணாடியின் முன்னாலிருந்து ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டாள். முதுகு தானாக வளைந்தது. ஆடையின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அம்மா இன்னும் எந்திரிக்கலீங்களா?” என்றாள். உடைந்த, கரகரத்த குரல். “காப்பி கொண்டாரட்டுங்களா?”



“ஏதோ கலந்துடுச்சு,” என்று ஃபௌசியா கன்சோலில் தட்டத் தொடங்கினாள். “வேற யாரோட பதிவோ நடுவுல...”

“இல்லம்மா,” என்றார் வடிவக்கா பின்னாலிருந்து. “அது சரியாத்தான் பேசுது.”

எல்லோரும் திரும்பினோம்.

“ஹீரோயினுக்கு மூக்குக்கு மேல இருந்து பேசணும், காத்து மாதிரி. வேலைக்காரி, பைத்தியக்காரி, பேய் பிடிச்சவ, அடியாளு பொண்டாட்டி, இவங்களுக்கெல்லாம் அடித்தொண்டை. ஸ்க்ரீன்ல முகத்தப் பாத்த உடனே தன்னால வந்துரும், யோசிக்கவே மாட்டோம். வெள்ளையா இருந்தா மேல. கறுப்பா இருந்தா கீழ.” அவர் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தார். “அது அந்தப் பொண்ணு முகத்தப் பாத்துச்சு. அதான் அந்தக் குரல எடுத்துருச்சு.”

“அப்படிப் பேசச் சொல்லி டைரக்டருங்க சொல்வாங்களாக்கா?”

“எதுக்குச் சொல்லணும் தம்பி? அதான் எல்லாருக்கும் தெரியுமே.”

நான் ஃபௌசியாவைத் தனியே இழுத்துக்கொண்டு போய், டப்பிங் செய்த வருடங்களைப் பதிவிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“தோசையில இருந்து உளுந்த மட்டும் எடுக்கச் சொல்ற,” என்றாள். “அந்த வருஷங்களைத் தூக்கினா அவங்களே இருக்கமாட்டாங்க. அவங்க சிரிக்கிறதுகூட ஏதோ ஒரு ஹீரோயினுக்காகப் பழகின சிரிப்புதான்.”

இரண்டாவது முறை கண்ணாடியை எடுத்துவிட்டோம். முகத்தைப் பார்த்தால்தானே குரல் மாறும்? பகல் முழுக்க அவளை அந்தக் கடையில் தனியே விடுவோம், உடல் பழகட்டும், பிறகு கண்ணாடியைக் காட்டலாம் என்பது என் யோசனை. வடிவக்கா பார்க்க வரவில்லை, தலைவலி என்றார். நான் உட்கார்ந்து பார்த்தேன்.

விழித்ததும் அவள் தன் கையைப் பார்த்தாள். கையின் நிறமே போதுமானதாக இருந்தது. ஒரு மூலையில் துடைப்பம் கிடந்தது. பின்னணி வரைந்தவன் அழகுக்காகப் போட்ட துடைப்பம். அதை எடுத்து அவள் கடை முழுவதையும் பெருக்கினாள். கருவிகளைத் துடைத்து அடுக்கினாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. வேலை முடிந்ததும் வாசலருகே தரையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். யாராவது வரும் சத்தம் கேட்டதுபோல் நடுநடுவே எழுந்து நின்றாள்.

“அம்மா இன்னும் வரலியே,” என்றாள் ஒருமுறை, சுவரைப் பார்த்து.

கதாநாயகிக்காகக் காத்திருந்தாள். கதாநாயகியே அவள்தான் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வழி இல்லை. சாயங்காலம் வரை அவள் காத்திருந்தாள், நான் அழுதேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கடைசியில் கண்ணாடியைக் கொண்டுபோய் வைத்தோம். அவள் அதையும் துடைத்துவைத்தாள்.

அந்தப் பிரதியை அணைக்கும்முன் கட்டயாமா திரைக்கு எதிரே நின்று கைகளைச் சேர்த்து நெடுநேரம் குனிந்தார். ஏதோ முணுமுணுத்தார். காதுக் கருவி, “இத்தனை நேரம் உழைத்தமைக்கு நன்றி” என்று மொழிபெயர்த்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “யாருக்கு நன்றி சொல்றீங்க?”

“எங்கள் ஊரில் முறிந்த ஊசிக்கும் நன்றி கூறி வழியனுப்புவார்கள். உழைத்த எதற்கும் உயிர் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை.”

“ஊசிக்கு இருக்கு. சரி. நீங்க அந்தக் காலத்துல வரைஞ்சீங்களே முரடனுங்க, தடிச்ச உதடு, கறுத்த உடம்பு, அவனுங்களுக்கு ஏன் இல்ல?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கருவி பொருத்தமில்லாத கம்பீரத்தோடு அவர் பதிலைச் சொன்னது. “நான் வரையக் கற்றபோது காகிதமே தோலாக இருந்தது. கோடு போட்டுவிட்டு நிறம் பூசாமல் விட்ட இடத்தை நாங்கள் எங்கள் முகம் என்று எண்ணினோம். பிற நாட்டார் அதை வெள்ளையர் முகம் என்றபோது வியந்தோம். காகிதத்தின் மீது கருமை பூசுவதற்கு மட்டும் எங்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவன் தீயவன் என்பது ஒரு காரணம். அவன் சிரிப்புக்குரியவன் என்பது இன்னொன்று. என் அறையில் அந்த நிறத்தினர் எவரும் இருந்ததில்லை, கார்மேகம் அவர்களே. அவ்வுருவங்களுக்குள் நான் எவரையும் வைக்கவில்லை. வெறும் கூடுகள். எனவே எவரும் காயமுறவில்லை என்று நம்பியிருந்தேன்.”

“இப்போ?”

“வெறுங்கூடாக விட்டால் அந்நிறத்துப் பார்வையாளர் அதற்குள் நுழைந்துவிடுகிறார் போலும்.”

மூன்றாவது முறைதான் கடைசி. இதுவும் போனால் அந்த உடல் போயிற்று, அந்த நிறம் போயிற்று. வடிவக்காவே யோசனை சொன்னார். “நான் பேசிப் பாக்கட்டுமா அதுகிட்ட? நான் சொன்னா நான் கேக்கமாட்டேனா?”

பழுது பார்க்கும் கடையின் சுவரில் ஒரு திரையை வரைந்து, அதில் வடிவக்காவின் முகம் நேராகத் தெரியும்படி செய்தோம். அவர் ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் நின்றார். பவுடர் இல்லாமல்தான் வந்திருந்தார், நான் சொல்லாமலேயே.

அவள் கண் திறந்தாள். சுவரில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

“என்னத் தெரியுதா?” என்றார் வடிவக்கா.

“தெரியாமப் போகுமாக்கா? டப்பிங்குக்கு வந்திருக்கீங்க.” இப்போது வேலைக்காரிக் குரல் இல்லை. தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சாதாரணக் குரல். ஃபௌசியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ யாரு?”

“நானும் டப்பிங்தான்.”

“பக்கத்துல கண்ணாடி இருக்கு பாரு. அதுல இருக்கிறது யாரு?”

அவள் பார்த்தாள். “யாரோ இருக்குது. எந்த கேரக்டருன்னு சொல்லலியே.”

“அது நீதான்டி. அதான் உன் முகம்.”

அவள் சிரித்தாள். கேலியில்லாத நல்ல சிரிப்பு. “முகமெல்லாம் நமக்கு எதுக்குக்கா? முகம் வரும். வந்ததும் பேசுவேன். சீன லூப் போட்டு ஓட்டச் சொல்லுங்க.”

“இனிமே எவளும் வரமாட்டா. நீதான் ஹீரோயின். கேக்குதா? உனக்குத்தான் படம் எடுக்காங்க.” வடிவக்காவின் பேச்சில் தூத்துக்குடி ஏறியது. “கறுப்பா இருந்தா என்னடி? நாம பாக்க நல்லாத்தான இருக்கோம். என்ன குறைச்சல் நமக்கு? அழகாத்தான் இருக்கோம்.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். காதில் இல்லாத ஹெட்போனைச் சரிசெய்வதுபோல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, மனது நோகாமல் சொல்லவேண்டும் என்ற அக்கறையோடு சொன்னாள்.

“சிங்க் ஆகலக்கா. வாய் சரியா அசையுது, குரல் ஒட்டல. இன்னொரு டேக் போலாமா? கடைசி வரியில நீங்களே நம்பாமச் சொல்றீங்க.”

வடிவக்கா மைக்கைவிட்டு ஓர் அடி பின்னால் போனார். இன்னொரு டேக் போகவில்லை. அவர் சொன்ன பொய்யை உலகத்தில் வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவளால் மட்டும்தான் முடியும், ஏனென்றால் அவள் அவரேதான்.

ஃபௌசியா கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கட்டயாமா குனிந்தார். இம்முறை நானும் குனிந்தேன்.

மறுநாள் வெள்ளிமுடி உடலில் இறக்கினோம். பாதாம் நிறத் தோல், மஞ்சள் கலந்த பச்சைக் கண். அவள் விழித்தாள். கண்ணாடிக்குப் போனாள். முதுகு நேரானது. விரல் நுனியால் அந்த வெளுத்த கன்னத்தைத் தொட்டாள், கண் கலங்கியது.

“நான்,” என்றாள், காற்றைப்போல் மெலிந்த குரலில். “இது நான்.”

முதல் டேக். டோக்கியோவில் கைதட்டினார்கள். ஆன்மாவின் தேர்வை நாங்கள் மதிக்கிறோம் என்று குழுத் தலைவர் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார். தேர்வாம்! சண்டை போட எனக்கு எதிரியே இல்லாமல் போயிற்று. யாரையாவது கைநீட்டி நீதான் செய்தாய் என்று சொல்லலாம் என்றால், நீட்டிய கை சுற்றிச் சுற்றிக் கண்ணாடியின் முன்னால் வந்து நிற்கிறது.

‘பத்தாம் கூடு’ ஓடு ஓடென்று ஓடியது. இதுவரை வந்த பாத்திரங்களிலேயே உண்மையான ஆன்மா உள்ளவள் இவள்தான் என்று எழுதினார்கள். ஆன்மாவுக்கு ஏது நிறம், இதை இந்தத் தொடர் நிரூபித்துவிட்டது என்று ஒரு தமிழ் விமர்சகர் பேசினார். நிறமில்லாத ஆன்மா ஒவ்வொரு முறையும் வெளுத்த உடம்பில்தான் வந்து இறங்குகிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அட்டவணையில் நான் ஏற்றிய நிறங்களை யாரும் அழிக்கவில்லை. நான்காம் அத்தியாயத்தில் வரும் ஒரு முரடனுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நாவற்பழ நிழல் நன்றாக வந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

கட்டயாமா ஊருக்குத் திரும்பிப் போனார். விமான நிலையத்தில் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, கற்றுக்கொண்ட தமிழில், “மன்னிக்கணும்” என்றார். மோர் மிளகாய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

தொடர் முடிந்ததும், இந்த ஆன்மா யாருடையது என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வடிவக்காவை வைத்து ஒரு சின்ன நேர்காணல் எடுக்கலாம் என்று கூடத்தில் முடிவானது. நான்தான் போய் அழைத்து வந்தேன். இந்தத் தடவையாவது அவர் முகம் வருகிறதே என்று எனக்கு ஒரு அற்ப நிம்மதி. இயந்திரம் இல்லை, கூடு மாற்றுவது இல்லை. ஒரு கேமரா, ஒரு மைக், ஒரு மனுஷி.

வடிவக்கா அதே பட்டுப்புடவையில் வந்தார். பவுடர் கெட்டியாக இருந்தது. இம்முறை நான் கழுவச் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் வேறு இடம் இல்லாததால் பழைய ஒலிப்பதிவு அறையிலேயே ஏற்பாடு செய்திருந்தோம். எதிரே பெரிய திரை. கேமராவில் விழுவது அப்படியே அதில் தெரியும்.

“எல்லாம் ரெடி,” என்றாள் ஃபௌசியா.

“வடிவக்கா, உங்க பேரச் சொல்லி ஆரம்பிங்க,” என்றேன் நான். “உங்க சொந்தக் குரல்ல பேசினாப் போதும்.”

அவர் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே கையை விரித்து ஒரு சாண் பார்த்துக்கொண்டார். பிறகு எதிரே இருந்த திரையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். நாங்கள் காத்திருந்தோம்.

“பேசலாம்க்கா. ஓடிக்கிட்டிருக்கு.”

“முகம் வரட்டும் தம்பி,” என்றார் வடிவக்கா, பொறுமையாக. “வந்ததும் பேசுறேன்.”

நான் திரையைப் பார்த்தேன். திரை நிறைய அவருடைய முகம் இருந்தது.